மகள் மனித உரிமை படிக்க வேண்டும் என்கிறாள், எங்கே சேர்ப்பது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "மகள் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்டிபிஎம் எழுதிவிட்டாள். நல்ல புள்ளி வரும். மனித உரிமை, சமாதானம் சம்பந்தமாகத்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ அப்படி ஒரு படிப்பு இருக்கிறதா? படித்தால் வேலை கிடைக்குமா? போலீஸ், கேஸ் என்று எதிலாவது மாட்டிக்கொள்வாளோ என்று அவள் அப்பா பயப்படுகிறார்."

அம்மா, நான் கோலாலம்பூரில் இருபது வருடத்துக்கு மேலாகச் சட்ட உதவி வேலையில் இருக்கிறேன். பல்கலைக்கழக மாணவர்களை முகாம்களுக்குக் கூட்டிப் போய்ப் பழக்குவதும் என் வேலையில் ஒரு பகுதி. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

படிப்பு இருக்கிறது. ஆனால் பட்டத்தின் மேல் அந்தப் பெயர் இருக்கும் என்று தேடாதீர்கள். இளங்கலை அளவில் மனித உரிமை என்பது சட்டம், சமூகப் பணி, அரசியல் அறிவியல், பெண்ணியல் என்று பல துறைகளுக்குள் பாடமாகப் பிரிந்து கிடக்கிறது. முதுகலைக்குப் போகும்போதுதான் தனிப் பட்டமாகக் கிடைக்கும். அதனால் பல்கலைக்கழக விளம்பரத்தில் என்ன பெயர் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதைவிட, அங்கே போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மூன்று நான்கு வருடத்தில், பிரச்சினையில் இருக்கும் ஒரு மனிதரின் எதிரே என் மகளை எத்தனை மணி நேரம் உட்கார வைப்பீர்கள்? நான் இவ்வளவு காலமாகப் பார்த்ததில், பிள்ளைகளை இந்த வேலைக்கு ஆளாக்கியது அந்த மணி நேரங்கள்தான்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சம்பவம். பல வருடங்களுக்கு முன்பு தென் கெடாவில், ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டிருந்தோம். பிறப்புப் பத்திரம், ஐசி என்ற அடையாள அட்டை, இவற்றில் பிரச்சினை உள்ளவர்கள் வருவார்கள். சட்ட மாணவர்கள் விவரம் கேட்டு எழுதுவார்கள். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி முன்னால் ஒரு பாட்டி வந்து உட்கார்ந்தார். கூடவே பன்னிரண்டு வயதுப் பேரன். பையனுக்குப் பிறப்புப் பத்திரம் இருந்தது. ஆனால் அதில் குடியுரிமை என்ற இடத்தில் 'புக்கான் வார்கானெகாரா', அதாவது குடிமகன் அல்ல என்று அச்சாகியிருந்தது. அப்பா நீல ஐசிக்காரர், அதாவது குடிமகன். அம்மா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், எந்தப் பத்திரமும் கிடையாது. பாட்டி கேட்டார்: "என் மகனோட பிள்ளைதானே இவன்? அப்புறம் ஏன் மலேசியன் இல்லைன்னு போட்டிருக்காங்க?"

அந்த மாணவி கெட்டிக்காரி. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 7ஆவது பிரிவு, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை பெறும் உரிமை உண்டு என்று சொல்வதை மனப்பாடமாகச் சொல்லுவாள். மலேசியா அந்த உடன்படிக்கையில் 1995இல் சேர்ந்தது, ஆனால் அந்த 7ஆவது பிரிவை அப்படியே ஏற்காமல் ஒதுக்கம் வைத்துக்கொண்டுதான் சேர்ந்தது என்பது அவளுக்குத் தெரியாது. கோயிலில் தாலி கட்டிய கல்யாணம் பையனுடைய குடியுரிமையை எப்படித் தொடுகிறது என்பதும் தெரியாது.

அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், நம் ஆட்கள் பலரையும் கடித்த விஷயம் இது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த திருமணம் செல்லும். அதற்குப் பின் நாதஸ்வரம் வைத்து, முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டிருந்தாலும், பதிவு இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் திருமணம் இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணையில் 17ஆவது பிரிவு, திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை விஷயத்தில் தாயின் நிலையைத்தான் பார்க்க வேண்டும் என்கிறது. தாய்க்குப் பத்திரம் இல்லை, அதனால் பிள்ளைக்கும் நாடு இல்லை. அப்பாவின் நீல ஐசி மேசையில் இருந்தும் உதவவில்லை.

சரி, சட்டத்தை நாங்கள் சொல்லிக் கொடுத்தோம். அதைவிடக் கஷ்டமான பாடம் அதற்குப் பிறகு வந்தது. "பையனின் அம்மா எந்த வருடம் பிறந்தார்?" என்று மாணவி கேட்டாள். பாட்டிக்கு வருடம் தெரியாது. "ரப்பர் மரத்தை வெட்டி செம்பனை நட்டாங்களே, அப்போ அவ கைக்குழந்தை" என்றார். மாணவி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அன்றைக்குச் சாயங்காலம் வரை உட்கார்ந்து, தோட்டத்தில் மறுநடவு எப்போது நடந்தது, தடுப்பூசி அட்டை யாரிடமாவது இருக்கிறதா, கோயில் ரசீதுப் புத்தகத்தில் பெயர் இருக்கிறதா, பிரசவம் பார்த்த மருத்துவச்சி உயிரோடு இருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு காலவரிசை போட்டாள். அந்தக் காலவரிசைதான் பின்னால் அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் போட்ட விண்ணப்பத்துக்கு முதுகெலும்பாக இருந்தது. பையன் கைக்கு நீல ஐசி வந்தபோது அவனுக்கு மீசை முளைத்திருந்தது. அந்த மாணவி இன்றைக்கு இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.

2011 டிசம்பரில் ஐநா பொதுச்சபை மனித உரிமைக் கல்வி பற்றி ஒரு பிரகடனம் நிறைவேற்றியது. அதில் இந்தக் கல்வியை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: உரிமைகளைப் பற்றிக் கற்பது, உரிமைகளை மதிக்கும் முறையில் கற்பது, உரிமைகளுக்காகச் செயல்படக் கற்பது. நம் நாட்டு வகுப்பறைகள் முதலாவதை ஓரளவு செய்துவிடும். மூன்றாவது, பாட்டி எதிரே உட்காரும்போதுதான் வரும். இரண்டாவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அது உங்கள் வீட்டுக்காரரின் பயத்தோடு சம்பந்தப்பட்டது.

இனி இடங்களைப் பார்ப்போம். உங்களுக்குப் பாலம் தாண்டினால் யுஎஸ்எம். 1969இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். 'அறிவியல்' என்ற பெயரைப் பார்த்து நம் பெற்றோர் பலர் அங்கே இந்த மாதிரிப் படிப்பு இருக்காது என்று நினைத்துவிடுகிறார்கள். மலேசியாவில் சமூகப் பணியைப் பட்டப் படிப்பாக முதலில் தொடங்கியதே அங்கேதான், 1975இல். சமூகப் பணி என்றால் ஏழைக்குச் சாமான் கொடுப்பது என்று நினைக்காதீர்கள். களப்பயிற்சி கட்டாயம், மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், நலத்துறை அலுவலகம் என்று மாணவரை அனுப்பிவிடுவார்கள். நான் சொன்ன அளவுகோலில் இது மேலே நிற்கும் படிப்பு. பெண்கள் சம்பந்தமான ஆராய்ச்சிக்கு 'கனிதா' என்ற மையமும் அங்கே 1978 முதல் இருக்கிறது.

சமாதானம் என்று உங்கள் மகள் சொன்னாள் அல்லவா, அதற்கும் யுஎஸ்எம்தான் முக்கியமான இடம். சமூக அறிவியல் துறையில் பேராசிரியர் கமாருல்சமான் அஸ்கண்டார் முன்னின்று 1990களின் நடுவில் சமாதான ஆராய்ச்சி, கல்விப் பிரிவு ஒன்றை உருவாக்கினார். 2001இல் தென்கிழக்காசிய மோதல் ஆய்வு வலையமைப்பு என்று ஒன்று தொடங்கியபோது அதன் தலைமையகம் பினாங்கில்தான் இருந்தது. பிலிப்பீன்ஸின் மிண்டானாவ், இந்தோனீசியாவின் ஆச்சே, தென் தாய்லாந்து என்று நம்மைச் சுற்றி எரிந்துகொண்டிருந்த இடங்களிலிருந்து வந்தவர்களை ஒரே அறையில் வைத்துப் பயிற்சி கொடுத்த இடம் அது.

மிண்டானாவ் கதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது. பிலிப்பீன்ஸ் அரசுக்கும் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணிக்கும் நடந்த பேச்சுவார்த்தைக்கு 2001 முதல் மலேசியா நடுநின்றது. பேச்சு பெரும்பாலும் கோலாலம்பூரில்தான். 2004 முதல் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்கும் அனைத்துலகக் குழுவுக்கும் மலேசியாவே தலைமை தாங்கியது. நடுவில் முறிந்து, சண்டை வெடித்து, மறுபடி உட்கார்ந்து, 2014 மார்ச் 27இல் மணிலாவில் முழு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2019இல் மக்கள் வாக்கெடுப்புக்குப் பிறகு தன்னாட்சிப் பகுதி அமைந்தது. பதினெட்டு வருடம்! இதில் அமைச்சர்களின் கைகுலுக்கல் படம் மட்டும்தான் நமக்கு ஞாபகம் இருக்கும். ஊர் ஊராகப் போய், ஒருவரை ஒருவர் கொன்ற தரப்புகள் பேசக்கூடிய மொழியை உருவாக்கியது ஆய்வாளர்களும் உள்ளூர் ஆட்களும். அதைத்தான் சமாதானப் படிப்பு கற்றுத் தருகிறது: யார் யாரோடு பேச முடியும், எந்தச் சொல்லைச் சொன்னால் எதிர்த்தரப்பு எழுந்து போய்விடும், ஒப்பந்தம் எழுதிய பிறகு துப்பாக்கியை யாரிடம் ஒப்படைப்பது, நிலத்தை யார் பெயரில் எழுதுவது.

இந்தத் துறையின் பெரிய ஆசான் நார்வேயின் யோஹான் கல்துங். 2014இல் கோம்பாக்கில் உள்ள அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் உலக சமாதானத்துக்கான இருக்கையில் அமர்த்தப்பட்டவர். 2024இல் காலமானார். அடிதடி ஓய்ந்திருப்பது ஒரு வகைச் சமாதானம், அடிதடிக்குக் காரணமான அநியாயம் நீங்கியிருப்பது இன்னொரு வகைச் சமாதானம் என்று அவர் பிரித்துக் காட்டினார். பட்டினி, பாகுபாடு, பத்திரம் இல்லாமை போன்றவை யாரும் கத்தியை எடுக்காமலே மனிதரைக் கொல்லும் வன்முறை என்றும் சொன்னார்.

பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்க மிண்டானாவ் வரை போக வேண்டியதில்லை. 1998 மார்ச்சில் கம்போங் ராவாவில் கோயிலும் பள்ளிவாசலும் பக்கத்தில் இருந்ததை ஒட்டி எழுந்த பதற்றம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2001 மார்ச்சில் கோலாலம்பூரை அடுத்த கம்போங் மேடானில் உயிர்களே போயின. போனவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். போலீஸ் வந்து அடக்கியது, செய்தித்தாள் மறந்தது. கூரையோடு கூரை ஒட்டிய புறம்போக்கு வீடுகளும், வேலையில்லாத இளைஞர்களும், ஒருவரை ஒருவர் அறியாத அண்டை வீட்டாரும் அப்படியே இருந்தார்கள். கல்துங் சொன்ன இரண்டாவது வகைச் சமாதானம் அங்கே வரவில்லை. ஜார்ஜ்டவுனில் தேவாலயம், குவான் யின் கோயில், மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் சில நிமிட நடையில் இருப்பதைச் சுற்றுலாக்காரர்களுக்குப் பெருமையாகக் காட்டுகிறோம். காட்ட வேண்டியதுதான். அந்தத் தெருவில் இவ்வளவு காலம் எப்படிச் சேர்ந்து இருந்தார்கள், சண்டை வந்தபோது யார் போய்ப் பேசினார்கள் என்று எழுதி வைக்க ஒரு தமிழ் மாணவி முன்வந்தால், அது அருமையான இறுதியாண்டு ஆய்வாக இருக்கும். தமிழ் தெரிந்தவருக்குத்தான் அந்தக் கதவுகளில் பாதி திறக்கும்.

கோலாலம்பூர் பக்கம் வந்தால் சட்டம். மலாயாப் பல்கலைக்கழகச் சட்டத் துறை 1972இல் தொடங்கியது. பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கோம்பாக்கில் இஸ்லாமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மலாக்காவில் மல்டிமீடியா பல்கலைக்கழகம் இருக்கிறது. இங்கெல்லாம் சட்டம் படித்தால், வழக்கறிஞர் தொழிலுக்கான தகுதித் தேர்வான சிஎல்பி எழுதாமலே வழக்கறிஞர் பயிற்சிக்குப் போகலாம். தனியார் கல்லூரி வழியாக வெளிநாட்டுச் சட்டப் பட்டம் எடுத்தால் சிஎல்பி உண்டு. செலவையும் காலத்தையும் கணக்கில் வையுங்கள். எங்கே சேர்ந்தாலும், மனித உரிமைச் சட்டம் விருப்பப் பாடமாக இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், மாணவர்களே மக்களுக்குச் சட்ட உதவி செய்து பழகும் சட்டக் கிளினிக் இருக்கிறதா, மாணவர்கள் சிறைக்கோ, கம்போங் பக்கமோ, அடுக்குமாடிப் பகுதிக்கோ போகிறார்களா என்று கேளுங்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களிலும் விடுமுறையில் மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

தலைநகரில் படிப்பதில் இன்னொரு வசதி, வகுப்பு முடிந்து ரயில் ஏறினால் நிஜ உலகம். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்து 2000இல் வேலையைத் தொடங்கிய மனித உரிமை ஆணையமான சுஹாகாம் இங்கே இருக்கிறது. பூர்வகுடி மக்களின் நில உரிமை பற்றி அது நாடு முழுக்க விசாரித்து 2013இல் வெளியிட்ட அறிக்கையை உங்கள் மகள் இப்போதே படிக்கத் தொடங்கலாம். ஒரு புகாரை எப்படிக் கேட்டு எப்படி எழுதுவது என்பதற்கு அதைவிட நல்ல உள்ளூர்ப் பாடம் கிடைப்பது கஷ்டம். அகதிகளின் பள்ளிகளும் இங்கே இருக்கின்றன. மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. அகதிப் பிள்ளைகள் அரசாங்கப் பள்ளியில் சேர முடியாது. அவர்களுக்குச் சமூகங்களே நடத்தும் கற்றல் மையங்கள் தொண்டர்களை நம்பித்தான் ஓடுகின்றன. ரோஹிங்கியா பிள்ளைகளும் உண்டு, இலங்கையிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு.

ஐரீன் பெர்னாண்டஸ் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியாது. உங்கள் பக்கத்துச் சுங்கை பட்டாணியில் பிறந்து, ஆசிரியராக இருந்து, தொழிலாளர், பெண்கள் பிரச்சினைக்காக அந்த வேலையை விட்டவர். 1991இல் தெனாகாநிதா அமைப்பைத் தொடங்கினார். வெளிநாட்டுத் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றி அறிய அவருடைய குழு முன்னூறுக்கும் மேற்பட்டவர்களிடம் பேசியபோது, தடுப்பு முகாம்களில் நடப்பதை ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். 1995இல் அதை அறிக்கையாக வெளியிட்டார். பொய்ச் செய்தி வெளியிட்டதாக 1996இல் வழக்குப் போட்டார்கள். 2003இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை. மேல்முறையீட்டில் 2008இல்தான் விடுதலை. பன்னிரண்டு வருடம் கோர்ட்டுக்கு நடந்தார். 2005இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் 'ரைட் லைவ்லிஹுட்' விருது அவருக்குக் கிடைத்தது. 2014இல் மறைந்தார். அவரிடம் மனித உரிமைப் பட்டம் எதுவும் இருந்ததில்லை. கேட்கத் தெரிந்தது, கேட்டதை எழுதி வைக்கத் தெரிந்தது. இன்றைக்குப் பல்கலைக்கழகங்கள் 'ஆவணப்படுத்தல்' என்று பாடம் வைத்துச் சொல்லித் தருவது அதைத்தான்.

அவர் கதையைச் சொன்னதும் உங்கள் வீட்டுக்காரர் "இதற்குத்தான் பயந்தேன்" என்பார். அந்தப் பயம் ஆதாரமில்லாத பயம் இல்லை. மாணவர்களின் அரசியல் நடவடிக்கையைக் கட்டுப்படுத்தும், 1971இல் வந்த பல்கலைக்கழகச் சட்டத்தை, அதாவது ஆவுக்குவை, 1974இல் பாலிங் விவசாயிகளுக்காக மாணவர்கள் தெருவில் இறங்கிய பிறகு 1975இல் இன்னும் இறுக்கினார்கள். அந்தக் காலத்து அப்பாக்கள் "வாயைத் திறக்காமல் படித்துவிட்டு வா" என்று சொல்லித்தான் பிள்ளைகளைப் பஸ் ஏற்றினார்கள்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்தது என்ன என்றும் பார்க்க வேண்டும். 2010இல் உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் நடந்த இடத்துக்குப் போனதற்காகத் தேசியப் பல்கலைக்கழக அரசியல் அறிவியல் மாணவர்கள் நான்கு பேர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தார்கள். தேர்தலைப் பற்றிப் படிக்கிற மாணவர்கள், தேர்தலைப் பார்க்கப் போனதற்கு! அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 அக்டோபர் 31இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தச் சட்டப் பிரிவு பேச்சுரிமையைத் தரும் அரசியலமைப்பின் 10ஆவது பிரிவுக்கு முரணானது என்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. பல்கலைக்கழகம் சிந்திப்பவர்களை உருவாக்கும் இடமாக இருக்க வேண்டும், இயந்திர மனிதர்களைத் தயாரிக்கக் கூடாது என்ற கருத்தை எழுதிய நீதிபதி முகமட் ஹிஷாமுடின் யூனுஸ், 2024இல் சுஹாகாமின் தலைவரானார். தீர்ப்புக்குப் பிறகு 2012இல் சட்டம் தளர்ந்தது. வளாகத்துக்குள் அரசியல் நடவடிக்கைக்கு இருந்த தடையும் 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தில் போனது. உரிமைகளை மதிக்கும் முறையில் கற்பது என்று சொன்னேனே, அதற்கு இந்த நான்கு மாணவர்கள்தான் என் உதாரணம். உரிமையைப் பாடமாக நடத்திவிட்டு மாணவரின் வாயை மூடினால் அந்தப் பாடம் வேலைக்காகாது.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1948ஆம் ஆண்டுத் தேச நிந்தனைச் சட்டம் இன்னும் இருக்கிறது. அமைதிப் பேரணிச் சட்டப்படி 21 வயது ஆகாதவர் பேரணியை ஏற்பாடு செய்யக் கூடாது. அதே சட்டத்தில் முன்னறிவிப்புக் கொடுக்காததைக் குற்றமாக்கிய பிரிவு செல்லாது என்று 2025 ஜூலை 1இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கைக் கொண்டு போனவரும் ஓர் இளைஞர்தான். உங்கள் மகள் இதையெல்லாம் சட்டமாகவே படிக்கப் போகிறாள். எது அனுமதி, எது குற்றம், கைதானால் முதலில் யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்த பிள்ளைக்கு, தெரியாத பிள்ளையைவிட ஆபத்து குறைவு. அப்பாவிடம் அப்படிச் சொல்லுங்கள். அப்புறம், நூற்றில் தொண்ணூறு நாள் இந்த வேலை தெருவில் நடப்பதில்லை. ஃபைல், படிவம், தொலைபேசி, காத்திருப்பு. அதைத் தாங்கும் பொறுமை மகளுக்கு இருக்கிறதா என்று வேண்டுமானால் கவலைப்படலாம்.

வாதாடுவது என்றாலே கோர்ட்டு என்று நினைத்துக்கொள்கிறோம். வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்களின் விஷயத்தைப் பாருங்கள். அப்பா மலேசியர் என்றால் பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வரும், அம்மா மட்டும் மலேசியர் என்றால் வராது என்று இருந்தது. தாய்மார்கள் வழக்குப் போட்டு 2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 2022இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். ஆனாலும் நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், பத்திரிகையில் பேசிக்கொண்டே இருந்தார்கள். 2024 அக்டோபரில் அரசியலமைப்பையே திருத்தும் மசோதாவை மக்களவை நிறைவேற்றியது. இதில் வழக்கறிஞர் வேலை உண்டு, எழுத்தாளர் வேலை உண்டு, தாய்மார்களை ஒன்றுசேர்க்கும் வேலை உண்டு, கணக்கு எடுக்கும் வேலையும் உண்டு.

வேலை வாய்ப்பு என்று கேட்டீர்கள். சம்பளம் மட்டும்தான் நோக்கம் என்றால் அரசு சாரா அமைப்பு பொருத்தமான இடம் இல்லை, வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். ஆனால் கதவுகள் முன்பைவிட நிறைய. சுஹாகாம், ஐநா அகதிகள் அலுவலகம், பெண்கள் காப்பகங்கள், சட்ட நிறுவனங்கள், பத்திரிகைகள் எல்லாம் இருந்தவைதான். புதிதாக வந்தது தொழிற்சாலைகள். கட்டாய உழைப்புப் புகாரால் 2020இல் அமெரிக்கச் சுங்கத் துறை மலேசியக் கையுறை, செம்பனை நிறுவனங்கள் சிலவற்றின் பொருட்களைத் தடுத்து நிறுத்தியது. அதிலிருந்து ஏற்றுமதி நிறுவனங்கள் தொழிலாளரின் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது, முகவருக்கு எவ்வளவு கடன்பட்டு வந்தார், விடுதியில் ஒரு அறைக்கு எத்தனை பேர் என்று விசாரித்து எழுதத் தெரிந்தவர்களைத் தேடுகின்றன. பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் எத்தனை தொழிற்சாலை இருக்கிறது என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளியிடம் அவர் மொழியில் பேசக்கூடிய, மலாயும் ஆங்கிலமும் சரளமாக எழுதக்கூடிய ஒரு பெண்ணுக்கு அங்கே இடம் உண்டு.

இந்த மண்ணிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு பரம் குமாரசாமியை நினைத்துப் பாருங்கள். மலேசிய வழக்கறிஞர். 1994 முதல் 2003 வரை நீதிபதிகள், வழக்கறிஞர்களின் சுதந்திரத்துக்கான ஐநாவின் சிறப்பு அறிக்கையாளராக இருந்தவர். பேட்டி ஒன்றில் சொன்னதற்காக இங்கே அவர் மேல் கோடிக்கணக்கில் மானநஷ்ட வழக்குகள் வந்தன. ஐநா அதை ஹேக் நகரில் உள்ள அனைத்துலக நீதிமன்றம் வரை கொண்டுபோனது. 1999 ஏப்ரலில் 14க்கு 1 என்ற கணக்கில், ஐநா பணியில் பேசியதற்கு அவர் மேல் வழக்குத் தொடர முடியாது என்று கருத்துச் சொன்னார்கள். உலகமெங்கும் அனைத்துலகச் சட்டம் படிக்கிறவர்கள் குமாரசாமி வழக்கு என்று இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள்.

முதுகலைக்குப் பக்கத்திலேயே நல்ல இடம் தாய்லாந்தின் மஹிடோல் பல்கலைக்கழகம். 1998 முதல் மனித உரிமை முதுகலையை ஆங்கிலத்திலேயே நடத்துகிறார்கள். மியன்மார், நேப்பாளம், இந்தோனீசியா என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் கற்பதே பாதி. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான மனித உரிமை, மக்களாட்சி முதுகலைக்கும் அதுதான் தாய் நிறுவனம். ஐரோப்பாவுக்கு ஆசைப்பட்டால் இங்கிலாந்தில் சமாதானப் படிப்புக்கு பிராட்போர்ட், மனித உரிமைக்கு எசெக்ஸ். ரோட்டரி சங்கம் சமாதானப் படிப்புக்கு முழு உதவித்தொகை தருகிறது. அதற்கு வேலை அனுபவம் கேட்பார்கள். அதனால் பட்டம் முடித்த கையோடு மேற்படிப்புக்கு ஓடாமல் இரண்டு மூன்று வருடம் இங்கே வேலை பார்த்துவிட்டுப் போவது நல்லது.

என்னைக் கேட்டால், உங்கள் மகள் வாதத்தில் கெட்டி என்றால் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான யுபியு விண்ணப்பத்தில் சட்டத்தை முதலில் போடட்டும். ஆட்களோடு பேசுவதில் ஈடுபாடு அதிகம் என்றால் யுஎஸ்எம் சமூகப் பணியைத் தயங்காமல் முதலில் போடட்டும். "சட்டம் கிடைக்காதவர்கள் போகும் படிப்பு" என்று சொந்தக்காரர்கள் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மேல்படிப்பில் சமாதானத் துறைக்கு இரண்டு வழியாகவும் போகலாம்.

தேர்வு முடிவு வருவதற்குள் சில மாதம் கையில் இருக்கிறது. அதை வீணாக்க வேண்டாம். மகளிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, உங்கள் தெருவிலேயே வயதான ஒருவரிடம் போகச் சொல்லுங்கள். தோட்டத்திலிருந்து எப்போது வெளியேறினார்கள், வெளியேறியபோது வீடு கொடுத்தார்களா, யார் வந்து பேசினார்கள், என்ன காகிதத்தில் கைநாட்டு வைத்தார்கள் என்று கேட்டு எழுதட்டும். அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும்; தன் கருத்தை நடுவில் நுழைக்கக் கூடாது. எழுதியதை மறுநாள் அவருக்கே வாசித்துக் காட்டி, "சரியாக எழுதியிருக்கிறேனா?" என்று கேட்க வேண்டும். வேறு யாருக்கும் காட்டலாமா என்று அனுமதியும் கேட்க வேண்டும். அவர் கூடாது என்றால் புத்தகத்தை மூடிவிட வேண்டும். அந்த நோட்டோடு உங்கள் மகள் யுஎஸ்எம் நேர்முகத்துக்குப் போனாலும் சரி, கோலாலம்பூரில் எங்கள் முகாமுக்கு வந்தாலும் சரி, அவளோடு பேச விஷயம் இருக்கும். அடுத்த முகாமுக்கு மொழிபெயர்க்க ஆள் தேவைப்படுகிறது, வரச் சொல்லுங்கள்.